பழைய ஃபிராக்டல் மென்பொருள்: ஏன் ஓடவில்லை, ஓடினாலும் படம் ஏன் மாறுகிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதோடு சேர்ந்து போன இன்னொன்று அவ்வளவாகக் கவனத்துக்கு வரவில்லை. 32 பிட் வடிவிலும் வெளிவந்த கடைசி விண்டோஸ் அதுதான். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை ஓட்டும் வசதி 32 பிட் விண்டோஸில் மட்டுமே இருந்தது.

பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாறுகிறவர்களில் சிலருடைய வட்டில் ஃபிராக்டிண்ட் என்ற கோப்புறை இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுப்புது நுணுக்கம் தெரியும் கணிதப் படங்களான ஃபிராக்டல்களை வரையும் டாஸ் மென்பொருள் அது. உள்ளே 1990-களில் வரைந்த ஜிஃப் படங்கள், ‘பார்’ (படத்தின் அளவுகள்), ‘எஃப்ஆர்எம்’ (சூத்திரங்கள்), ‘மேப்’ (நிறத்தட்டு) என்று முடியும் சின்னச் சின்னக் கோப்புகள், கூடவே ஓர் இயக்குகோப்பு. அதைச் சொடுக்கினால் ‘இந்தச் செயலியை இந்தக் கணினியில் இயக்க முடியாது’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். எமுலேட்டர் (பழைய கணினியைப்போல் நடிக்கும் மென்பொருள்) போட்டு எப்படியோ ஓட்டிவிட்டால் அடுத்த குழப்பம் தொடங்கும். அதே கோப்பு, அதே அளவுகள், ஆனால் படம் பழைய படத்தோடு ஒத்துப்போகாது. நிறம் தள்ளி நிற்கும், மெல்லிய இழைகள் காணாமல் போயிருக்கும், அல்லது முன்பு இல்லாத இழைகள் வந்திருக்கும்.

இவை இரண்டும் வேறுவேறு சிக்கல்கள். முதலாவதைத் தீர்ப்பது சுலபம். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஏனென்றால் ஒரு ஃபிராக்டல் படத்தில் சூத்திரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு அதைக் கணக்கிட்ட எண்கணிதத்துக்கும் அதன் குறுக்குவழிகளுக்கும் உண்டு.

## அடிப்படைக் கணக்கு

ஃபிராக்டல்களில் மிகப் பிரபலமான மாண்டல்பிராட் கணத்தை எடுத்துக்கொள்வோம். திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலப்பெண், அதாவது மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று இரண்டு பகுதி உள்ள எண். சுழியத்தில் தொடங்கி, கையில் இருக்கும் எண்ணை வர்க்கமாக்கி, அந்தப் புள்ளியின் எண்ணைக் கூட்ட வேண்டும். வந்த விடையை மறுபடி வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். இப்படியே போனால் சில புள்ளிகளில் விடை கட்டுக்கடங்காமல் பெருகும், சிலவற்றில் ஒரு சின்ன வட்டாரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். படம் என்பது இந்த வேறுபாட்டின் வரைபடம்.

இனி அடிக்கடி வரப்போகும் நான்கு சொற்கள்:

1. சுற்று: ஒரு முறை வர்க்கமாக்கிக் கூட்டுவது.
2. தப்பும் எல்லை: விடை மையத்திலிருந்து 2-க்கு மேல் விலகிவிட்டால் இனித் திரும்பாது என்பது நிறுவப்பட்டது. அங்கே கணக்கை நிறுத்தலாம். எத்தனையாவது சுற்றில் தப்பியது என்பதுதான் அந்தப் புள்ளியின் நிறம்.
3. உச்சச் சுற்று: எத்தனை சுற்று வரை காத்திருப்பது என்ற வரம்பு. ஃபிராக்டிண்டில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 150.
4. உள்பகுதி: உச்சச் சுற்று முடிந்தும் தப்பாத புள்ளிகள். ஃபிராக்டிண்ட்காரர்கள் இதை ஏரி என்பார்கள். அதன் இயல்பு நிறம் 1-ஆம் எண், வழக்கமான நிறத்தட்டில் நீலம். பிற்காலச் செயலிகள் பெரும்பாலும் கறுப்பாக்கிவிடுகின்றன. ‘படம் மாறிவிட்டது’ என்று வரும் புகார்களில் ஒரு பகுதி வெறும் இந்த நீலம், கறுப்பு விவகாரம்தான்.

640 × 480 திரையில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொன்றும் 150 சுற்று போனால் 4.6 கோடிச் சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று பெருக்கல் என்றால் கிட்டத்தட்ட 13.8 கோடிப் பெருக்கல். அன்றைய இன்டெல் 386 சிப்பில் ஒரு 32 பிட் முழு எண் பெருக்கலுக்கு 9 முதல் 38 துடிப்பு (சிப்பின் கடிகாரச் சுழற்சி) வரை ஆகும். 25 என்று வைத்து, 25 மெகாஹெர்ட்ஸ் கணினியில் பார்த்தால், வெறும் பெருக்கலுக்கே 138 வினாடி. கூட்டலும் ஒப்பீடும் தனி. எல்லாப் புள்ளியும் 150 சுற்று போகாது என்பது உண்மை. ஆனால் உள்ளே நெருங்கிப் போகப் போக உச்சச் சுற்றையும் ஆயிரக்கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கும். பழைய மென்பொருள்களின் எல்லாத் தந்திரங்களும் இந்த 138 வினாடியைக் குறைக்கப் பிறந்தவை.

## பெயரிலேயே இருக்கும் முழு எண்

1988-இல் பெர்ட் டைலர் என்ற அமெரிக்க நிரலாளர் ஃபிராக்ட்386 என்ற நிரலை எழுதி வெளியிட்டார். கம்ப்யூசெர்வ் என்ற பழைய தொலைபேசி வலையமைப்பில் அது பரவியது. டிம் வெக்னர், மார்க் பீட்டர்சன், பீட்டர் பிராண்டர்ஹார்ஸ்ட் என்று பலர் சேர்ந்து நிரல்வரிகளைக் கூட்டிக்கொண்டே போக, அது ஃபிராக்டிண்ட் ஆனது. பெயரின் பின்பாதி முழு எண்ணைக் குறிக்கும் ‘இன்டீஜர்’. ஆளுக்கொரு பொருள் போட்டுச் சமைத்த நாட்டுப்புறக் கதையை வைத்து ‘ஸ்டோன் சூப் குழு’ என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள்.

ஏன் முழு எண்? அன்றைய 386 சிப்பில் தசமக் கணக்குப் போடும் பகுதி கிடையாது. அதற்கு 387 என்ற தனிச் சிப் வாங்கிப் பொருத்த வேண்டும், விலையும் அதிகம். அது இல்லாத கணினியில் தசமக் கணக்கை மென்பொருளால் போலியாகச் செய்தால் ஒரு படத்துக்கு மணிக்கணக்காகும். ஃபிராக்டிண்ட் இதைச் சுற்றிக்கொண்டு போனது. 32 பிட் முழு எண்ணை எடுத்து, அதில் 29 பிட்டைப் பின்னப் பகுதிக்கு ஒதுக்கியது. மீதி 3 பிட்டில் குறியும் முழுப் பகுதியும். ஆக −4 முதல் +4 வரையுள்ள எண்களை எழுதலாம், மாண்டல்பிராட் கணத்துக்கு அது போதும். இரண்டு எண்களைப் பெருக்கினால் 64 பிட் விடை வரும். அதை 29 இடம் வலப்பக்கம் நகர்த்தினால் மறுபடி அதே வடிவம். தசமப்புள்ளி எங்கேயும் நகர்வதில்லை என்பதால் இதை நிலைப்புள்ளிக் கணிதம் என்பார்கள். எண்ணுக்குத் தக்கபடி புள்ளியை நகர்த்தும் முறைக்கு மிதவைப்புள்ளிக் கணிதம் என்று பெயர்.

இதற்கு ஒரு விலை உண்டு. 29 பிட் பின்னத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 53,68,70,912-இல் ஒரு பங்கு. திரையின் குறுக்கே 640 புள்ளிகள். பக்கத்துப் புள்ளிகள் குறைந்தது ஒரு இடைவெளியாவது தள்ளி இருந்தால்தான் அவை வேறு புள்ளிகள். ஆகவே திரையின் மொத்த அகலம் 640 இடைவெளிக்குக் கீழே போக முடியாது. தொடக்கப் படத்தின் அகலம் 4. வகுத்துப் பார்த்தால் சுமார் 33 லட்சம் மடங்கு உருப்பெருக்கத்தில் கணிதம் தீர்ந்துவிடுகிறது. அதற்கு முன்பே படம் சதுரம் சதுரமாகச் சிதறத் தொடங்கும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி பிட்டில் ஒரு வெட்டுப்பிழை விழுகிறது, 150 சுற்றில் அது பெருகுகிறது.

எல்லையை நெருங்கும்போது ஃபிராக்டிண்ட் தானாகவே மிதவைப்புள்ளிக்கு மாறிவிடும். ‘எஃப்’ விசையை அழுத்தி நாமாகவும் மாற்றலாம். 53 பிட் துல்லியத்தில் எல்லை சுமார் 28 லட்சம் கோடி மடங்கு. அதற்கும் அப்பால் போக, 19 வரிசைப் பதிப்புகளில் வெஸ்லி லோவர் எழுதிய பல்லிலக்கக் கணிதம் (தேவையான அளவு இலக்கங்களை வைத்துக் கணக்கிடும் முறை) சேர்ந்தது. அது 10-இன் 1600-ஆம் அடுக்கு வரை போகும், ஆனால் நான்கு சூத்திர வகைகளுக்கு மட்டும். வேகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பழைய படத்தை மீட்கும்போது இங்கேதான் கவனம் தேவை. ஒரு படம் 20 லட்சம் மடங்கில் முழு எண் கணிதத்தால் வரையப்பட்டிருந்தால், அதில் தெரியும் நுண்ணிய ‘அமைப்பு’ சில சமயம் கணத்தினுடையதே அல்ல, வெட்டுப்பிழையினுடையது. இன்றைய செயலியில் துல்லியமாக வரைந்தால் அது மறைந்துவிடும். புதிய படம்தான் கணக்கின்படி சரி. பழைய படம் அன்று திரையில் வந்தது. எது வேண்டும் என்பதை மீட்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்டெலின் பெண்டியம் சிப் 1993-இல் வந்தபோது நிலைமை தலைகீழானது. அதில் மிதவைப்புள்ளிப் பெருக்கல் முழு எண் பெருக்கலைவிட வேகம். பெயருக்குக் காரணமான தந்திரத்துக்கே தேவை இல்லாமல் போயிற்று.

## குறுக்குவழிகள் படத்தில் விட்ட தடங்கள்

கணக்கைக் குறைப்பதற்கான இரண்டாவது வழி, எல்லாப் புள்ளிகளையும் கணக்கிடாமலேயே இருப்பது. இங்கே ஃபிராக்டிண்ட் அபாரமாகச் செய்தது, சில இடங்களில் பொய்யும் சொன்னது.

1. ஊகித்து நிரப்புதல். இதுதான் இயல்பு முறை. முதலில் பெரிய கட்டங்களாகப் பிரித்து மூலைப்புள்ளிகளை மட்டும் கணக்கிடும். சுற்றிலும் ஒரே நிறமானால் உள்ளேயும் அதே நிறம் என்று நிரப்பிவிடும். இல்லாவிட்டால் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டு போகும். ஒரு மெல்லிய இழை கட்டத்தின் மூலைகளைத் தொடாமல் நடுவே புகுந்து போயிருந்தால் அது படத்தில் வராது. பழைய படங்களில் திடீரென அறுந்து நிற்கும் இழைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இது. ‘எக்ஸ்’ விசைத் திரையில் ‘பாஸஸ்’ என்பதை 1 ஆக்கினால் ஒவ்வொரு புள்ளியும் கணக்கிடப்படும்.

2. எல்லையைத் தொடர்தல். ஒரு நிறத்தின் ஓரத்தை மட்டும் சுற்றிவந்து, உள்ளே இருப்பதை நிரப்புவது. மாண்டல்பிராட் போல இடைவெளியில்லாத நிறப்பட்டைகள் உள்ள படத்துக்குப் பொருந்தும். தீவு தீவாக நிறம் சிதறும் சூத்திரங்களில் முழுசாகவே தப்பாகிவிடும்.

3. சமச்சீர். மேல்பாதியைக் கணக்கிட்டுக் கீழ்பாதியில் கண்ணாடிபோல் எழுதுவது. உள்ளே பொதிந்த சூத்திரங்களில் இது பிழையில்லாதது. பயனர் எழுதிய சூத்திரத்தில் சமச்சீர் என்று தவறாக அறிவித்திருந்தால் பாதிப் படம் கற்பனை.

4. சுழற்சிச் சோதனை. உள்பகுதிப் புள்ளிகள்தான் அதிகம் நேரம் தின்பவை, உச்சச் சுற்று வரை போவதால். விடை முன்பு வந்த இடத்துக்கே திரும்பி வந்தால் இனித் தப்பாது என்று முடிவு செய்து நிறுத்திவிடலாம். ‘அதே இடம்’ என்பதை ஒரு சின்ன விலகலுக்கு இடம் கொடுத்துத்தான் ஒப்பிட முடியும். அந்த விலகல் பெரிதாக இருந்தால், மெதுவாகத் தப்பவிருந்த புள்ளிகளும் ஏரிக்குள் விழுந்துவிடும், ஏரியின் கரை வீங்கித் தெரியும். ‘பீரியாடிசிட்டி’ அமைப்பை ‘இல்லை’ என்றாக்கி மறுபடி வரைந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஃபிராக்டிண்டிலிருந்தே கிளைத்தவற்றை விட்டுவிட்டால், இன்றைய செயலிகளில் பொதுவாக இந்த நான்கும் இதே சேர்க்கையில் கிடையாது. அதனால் ஒரே அளவுகளைக் கொடுத்தாலும் இரண்டு செயலிகளின் படங்கள் புள்ளிக்குப் புள்ளி ஒத்துவராது.

## ஓடாததற்குக் காரணம் ஒன்றல்ல

‘பழைய மென்பொருள் ஓடாது’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது உதவாது. எந்த வகை என்று பார்த்தால் தீர்வு தானே தெரியும்.

1. டாஸ் நிரல்கள் (ஃபிராக்டிண்ட்). 64 பிட் நிலையில் இயங்கும் இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் டாஸ் நிரலுக்கான மெய்நிகர் 8086 நிலையே கிடையாது. எனவே இது விண்டோஸின் அமைப்புகளில் தேடிச் சரிசெய்யக்கூடியது அல்ல. ‘கம்பேட்டிபிலிட்டி’ பட்டியலில் விண்டோஸ் 95 என்று தேர்ந்தெடுத்தும் பயன் இல்லை. 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருந்தவர்களுக்கும் முழுத்திரைப் படநிலை ஓடியிருக்காது. விஸ்டா காலத்திலேயே திரை டிரைவர்கள் மாறி அது நின்றுபோனது.

2. விண்டோஸ் 3.1 நிரல்கள் (அதே குழுவின் வின்ஃபிராக்ட்). இதுவும் 16 பிட்தான், ஆனால் வேறு வகை. 16 பிட் பாதுகாக்கப்பட்ட நிலையைச் சிப் இன்னும் அனுமதிக்கிறது, விண்டோஸ்தான் விடுவதில்லை. லினக்ஸில் ‘வைன்’ மூலம் இவற்றில் பல ஓடும். விண்டோஸிலேயே ஓட்ட ‘வைன்விடிஎம்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

3. விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரைக்குமான 32 பிட் நிரல்கள் (டியராசான், அபோஃபிசிஸ் போன்றவை). இவற்றில் பல இன்றும் ஓடும். பலர் ஓடாது என்று விட்டுவிடுவதற்குக் காரணம் அவற்றின் நிறுவி. செயலி 32 பிட்டாக இருந்தாலும் அக்கால நிறுவிகள் சில 16 பிட்டில் எழுதப்பட்டவை, அதனால் நிறுவும் கட்டத்திலேயே நின்றுவிடும். முன்பு நிறுவிய கோப்புறை பழைய வட்டில் இருந்தால் அதை அப்படியே நகலெடுத்து இயக்கிப் பார்ப்பது முதல் வேலை. டிஎல்எல் கோப்பு இல்லை என்று கேட்டால் அந்த ஒன்றைப் பழைய விண்டோஸ் கோப்புறையிலிருந்து எடுத்து செயலியின் பக்கத்திலேயே வைக்கலாம். உதவிக் கோப்புகள் மட்டும் திறக்காது, பழைய ‘ஹெச்எல்பி’ வடிவத்தை விண்டோஸ் 10 கைவிட்டுவிட்டது.

## டாஸ்பாக்ஸில் ஃபிராக்டிண்ட்

டாஸ்பாக்ஸ் ஒரு இலவச எமுலேட்டர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விளையாட்டுகளுக்காக உருவானது என்பதால் அதன் இயல்பு அமைப்புகள் ஃபிராக்டிண்டுக்கு ஒத்துவராது.

1. ஃபிராக்டிண்ட் கோப்புறையை நீளமில்லாத, இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயருள்ள இடத்தில் வையுங்கள். எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்துப் பின்னொட்டு என்பதுதான் டாஸுக்குத் தெரியும். நீளமான பெயர்கள் பாதியில் வெட்டப்பட்டுத் தெரியும். தமிழ்ப் பெயர் வைத்தால் கோப்புறை கண்ணுக்கே படாது.

2. ‘மவுண்ட்’ கட்டளையால் அந்தக் கோப்புறையை சி வட்டாகச் சேர்த்து, சி-க்கு மாறுங்கள்.

3. ஃபிராக்டிண்டை இயக்கும் முன் ‘சைக்கிள்ஸ் மேக்ஸ்’ என்று கொடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் ‘எமுலேட்டர் ஆமை வேகம்’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். டாஸ்பாக்ஸின் வழக்கமான பதிப்பு, சாதாரண நிலையில் இயங்கும் நிரலுக்கு மில்லிவினாடிக்கு 3000 கட்டளை என்று கட்டுப்போட்டு வைத்திருக்கிறது. பழைய விளையாட்டு தறிகெட்டு ஓடாமலிருக்க அது சரி. நமக்கோ அது 1980-களின் கணினிக்கே திரும்பிப் போவது.

4. திரைநிலையைத் தேர்ந்தெடுக்க ‘டிலீட்’ விசையை அழுத்திப் பட்டியலிலிருந்து எடுங்கள். கன்ட்ரோலோடு எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தும் ஃபிராக்டிண்டின் சுருக்குவழிகளில் சிலவற்றை டாஸ்பாக்ஸ் தனக்கென வைத்திருக்கிறது. குறிப்பாக கன்ட்ரோல் + எஃப்9 டாஸ்பாக்ஸையே மூடிவிடும், பாதி வரைந்த படம் போய்விடும். 256 நிறத்தில் 640 × 480 வேண்டுமானால் ஷிஃப்ட் + எஃப்5, 800 × 600-க்கு ஷிஃப்ட் + எஃப்6 பயமில்லாமல் அழுத்தலாம்.

5. 320 × 200 நிலையில் வரைந்தால் டாஸ்பாக்ஸ் அமைப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்பதை இயக்குங்கள். அந்த நிலையின் புள்ளிகள் சதுரம் அல்ல, உயரம் 1.2 மடங்கு. இன்றைய திரையில் அப்படியே காட்டினால் வட்டங்கள் எல்லாம் சப்பையாகத் தெரியும். பழைய 320 × 200 ஜிஃப் படங்களைப் பார்க்கும்போதும் இதே கதைதான். 320 × 240 ஆக நீட்டினால் சரியான விகிதம் வரும்.

6. வெளியே இருந்து புதுக் கோப்பு ஒன்றை அந்தக் கோப்புறையில் போட்டால் ஃபிராக்டிண்டுக்கு உடனே தெரியாது. கன்ட்ரோல் + எஃப்4 அழுத்தினால் பட்டியல் புதுப்பிக்கப்படும்.

எமுலேட்டர் ஓடிவிட்டது என்பதற்காகக் கணிதமும் அச்சுப்பிசகாமல் அதே என்று நினைத்துவிடக் கூடாது. அசல் 387 சிப் உள்ளே 80 பிட்டில் கணக்கிட்டது. டாஸ்பாக்ஸின் சில வடிவங்கள் அதை 64 பிட்டில் நடத்துகின்றன. சாதாரண உருப்பெருக்கத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. மிதவைப்புள்ளியின் எல்லை அருகே வரைந்த படங்களில் மட்டும் எதிர்பாராத குருணை தென்படலாம்.

## ஜிஃப்புக்குள் ஒளிந்திருக்கும் செய்முறை

ஃபிராக்டிண்ட் சேமிக்கும் ஜிஃப் கோப்பு வெறும் படம் அல்ல. ஜிஃப் வடிவத்தின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம், செயலிகள் தங்கள் சொந்தத் தகவலைக் கோப்புக்குள் வைக்க இடம் கொடுத்தது. ஃபிராக்டிண்ட் அங்கே சூத்திர வகை, மூலைகள், அளவுகள், பாதியில் நின்றிருந்தால் எங்கே நின்றது என்பது வரை எழுதிவைத்தது. ‘ஆர்’ விசையால் அந்த ஜிஃப்பைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வரையும்.

இதனால்தான் பழைய ஜிஃப்பைப் பிஎன்ஜி ஆக்குவதும், படத் தொகுப்பி ஒன்றில் திறந்து மறுபடி சேமிப்பதும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியும் படம் அப்படியே இருக்கும். உள்ளே இருந்த தகவல் போய்விடும், ஏனென்றால் தனக்குத் தெரியாத பகுதியைத் தொகுப்பிகள் தூக்கி எறிந்துவிடும். படங்களைத் தானாகச் சுருக்கும் மேகச் சேமிப்புகளிலும் இதே நிலைதான். மூலக் கோப்புகளை ஜிப் செய்து வைத்துவிட்டு நகலில் வேலை செய்வது நல்லது.

அந்தத் தகவலை உரையாக வெளியே எடுப்பது இப்படி:

1. ஃபிராக்டிண்டில் ‘ஆர்’ அழுத்தி ஜிஃப்பைத் திறக்கவும்.
2. ‘டேப்’ அழுத்தி மையம், உருப்பெருக்கம், சூத்திர வகை ஆகியவை சரியாகப் படிக்கப்பட்டனவா என்று பார்க்கவும்.
3. ‘பி’ (ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து) அழுத்தவும். கோப்பின் பெயரும் பதிவின் பெயரும் கேட்கும். கொடுத்து உறுதிசெய்தால் ‘பார்’ கோப்பில் ஒரு பதிவு சேரும்.
4. சூத்திரம் பயனர் எழுதியதாக இருந்தால், பதிவில் பெயர் குறிப்பிடப்பட்ட ‘எஃப்ஆர்எம்’ கோப்பையும் உடன் வைக்கவும். ‘பார்’ பதிவில் சூத்திரத்தின் பெயர் மட்டுமே இருக்கும், சூத்திரம் இருக்காது. ஒரே பெயரில் வேறுவேறு சூத்திரங்கள் பல கோப்புகளில் உலவின, பெயரை நம்பி இணையத்தில் எடுத்தால் வேறு படம் வரும்.

ஒரு ‘பார்’ பதிவின் அளவு சில நூறு பைட்டுகள்தான். அதில் ‘ரீசெட்’ என்று ஒரு எண் இருக்கும், எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்பது அது. சில சூத்திரங்களின் நடத்தை பதிப்புக்குப் பதிப்பு மாறியதால் பழையபடி நடக்க ஃபிராக்டிண்ட் அந்த எண்ணைப் பார்க்கிறது. அழகுக்காக அந்த வரியை அழித்துவிடாதீர்கள். கையால் எழுதிய, ‘ரீசெட்’ இல்லாத பதிவுகளானால் ‘எஸ்எஸ்டூல்ஸ்’ என்ற அமைப்புக் கோப்பும் தேவைப்படும், ஏனென்றால் அதில் எழுதிவைத்த சொந்த இயல்புகள் படத்துக்குள் கலந்திருக்கும்.

நிறங்கள்தான் அதிகம் கெடும் பகுதி. பதிவின் ‘கலர்ஸ்’ வரியில் ஒரு நிறத்துக்கு மூன்று எழுத்து, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 64 படி. விஜிஏ என்ற அக்காலத் திரை அட்டையின் அளவு அது. வரிசையாக மாறும் நிறங்களைச் சுருக்க, கோணக் குறிகளுக்குள் ஓர் எண் எழுதப்படும்: ‘இந்த இரண்டு நிறங்களுக்கும் நடுவே இத்தனை படி நிரப்பு’ என்று பொருள். இந்த உரையை யாராவது வலைப்பக்கத்தில் அப்படியே ஒட்டியிருந்தால், கோணக் குறிக்குள் இருப்பதை உலாவி ஹெச்டிஎம்எல் குறிச்சொல் என்று எண்ணி விழுங்கிவிடும். நகலெடுக்கும் பதிவில் நிறங்கள் குறைந்துபோகும், படம் வேறு வண்ணத்தில் வரும். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து அங்கிருந்து நகலெடுத்தால் கோணக் குறிகள் அப்படியே கிடைக்கும். மின்னஞ்சலில் வந்த பதிவுகளில் வேறு கோளாறு: நீளமான வரியின் முடிவில் உள்ள சாய்கோடு ‘அடுத்த வரியில் தொடர்கிறது’ என்பதற்கான அடையாளம். அஞ்சல் நிரல் வரியை வேறு இடத்தில் மடித்திருந்தால் அது அர்த்தமிழக்கும். கையால் சேர்த்து ஒரே வரியாக்கிவிடலாம்.

64 படியை இன்றைய 256 படியாக்கும்போது 4-ஆல் பெருக்கினால் 63 என்பது 252 ஆகும். தூய வெள்ளை வராமல் லேசாக மங்கித் தெரியும். 255-ஐ 63-ஆல் வகுத்து வரும் விகிதத்தால் பெருக்குவதே சரி.

‘எல்’ என்று முடியும் கோப்புகள் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் மீளும். லிண்டன்மயர் இலக்கணம் எனப்படும் வகை இது: ‘ஒரு கோடு போடு’, ‘இடப்பக்கம் திரும்பு’ என்ற குறிகளை விதிப்படி மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே போவது. தசமத் துல்லியம் என்ற பேச்சே எழாது. 1970-களில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலங்களுக்கு இலக்கணம் எழுதியது இந்தத் துறையைச் சேர்ந்த வேலைதான்.

## புதிய செயலிக்கு மாற்றும்போது

பெரிய அளவில் அச்சிட வேண்டுமானால் டாஸ்பாக்ஸ் போதாது. ‘பார்’, ‘எஃப்ஆர்எம்’ கோப்புகளை அல்ட்ரா ஃபிராக்டல் என்ற விலைக்குக் கிடைக்கும் செயலி இறக்கிக்கொள்ளும். ஃபிராக்டிண்டின் மூலநிரலிலிருந்தே கிளைத்த ‘இட்டரேட்டட் டைனமிக்ஸ்’ இலவசம். லினக்ஸுக்கு எக்ஸ்ஃபிராக்டிண்ட் உண்டு, ஆனால் லினக்ஸ் தொகுப்புகளின் முதன்மைக் களஞ்சியத்தில் தேடினால் கிடைக்காது. ஸ்டோன் சூப் குழு மூலநிரலைக் கொடுத்தபோது ‘இலவசமாகப் பகிரலாம், விற்கக்கூடாது’ என்று நிபந்தனை வைத்தது. இன்றைய திறமூல வரையறைக்குள் அது அடங்காததால் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு அதைக் ‘கட்டற்றது அல்ல’ என்ற பிரிவில்தான் வைத்தது.

மாற்றும்போது ஒத்துப்போகாதவை:

1. தப்பும் எல்லை. நிறங்கள் வழுவழுப்பாக மாற வேண்டும் என்பதற்காகப் புதிய செயலிகள் எல்லையைப் பல மடங்கு பெரிதாக வைக்கின்றன. புள்ளி தப்ப ஓரிரு சுற்று அதிகமாகும், மொத்த நிறத்தட்டும் அந்த அளவுக்கு நகரும். 2 என்று திருத்தினால் சரியாகிவிடும்.

2. நிறச் சுழற்சி. விஜிஏ-வில் படம் 256 நிறத்தட்டு எண்களாக இருந்தது, தட்டை மட்டும் சுழற்றினால் மறுகணக்கு இல்லாமல் படமே ஓடுவதுபோல் தெரியும். நேரடி நிறப் படத்தில் தட்டு கிடையாது. அந்த விளைவு வேண்டுமென்றால் டாஸ்பாக்ஸில் ‘சி’ விசையோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

3. புள்ளியை நம்பிய சூத்திரங்கள். ‘ஒயிட்ஸ்க்யூ’ என்றொரு மாறி ஃபிராக்டிண்ட் சூத்திரங்களில் உண்டு. புள்ளியின் வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் கூட்டி, அது இரட்டையா ஒற்றையா என்பதைப் பொறுத்து 1 அல்லது 0 தரும். சதுரங்கப் பலகைபோல் மாறி மாறி இரண்டு ஃபிராக்டல்களை ஒரே படத்தில் கலக்க இதைப் பயன்படுத்தினார்கள். 256 நிறத்துக்குள் இரண்டு அடுக்கைக் கொண்டுவரும் கெட்டிக்காரத்தனம் அது. 6000 புள்ளி அகலத்தில் வரைந்தால் சதுரங்கக் கட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகி இரண்டும் சாம்பல் குழம்பாகிவிடும். ஊகித்து நிரப்பும் முறையில் வரைந்தாலும் கெடும். இத்தகைய படத்துக்கு ஒரே வழி, இரண்டு பாதியையும் தனித்தனிச் சூத்திரமாகப் பிரித்து, அல்ட்ரா ஃபிராக்டலில் இரண்டு அடுக்காக வைத்து 50 சதவீத ஒளிபுகுதன்மையில் கலப்பது. அச்சு அசலாக வராது, கிட்டத்தில் வரும்.

4. ஆழமான உருப்பெருக்கம். இது ஒன்றில்தான் புதியவை கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். ஃபிராக்டிண்ட் ஒவ்வொரு புள்ளியையும் முழுப் பல்லிலக்கக் கணிதத்தில் கணக்கிட்டது. 2013-இல் கே. ஐ. மார்ட்டின் வெளியிட்ட முறையில் ஒரே ஒரு புள்ளியின் பாதையை மட்டும் முழுத் துல்லியத்தில் கணக்கிட்டு, மற்றவற்றுக்கு அதிலிருந்து உள்ள சின்ன வித்தியாசத்தைச் சாதாரண மிதவைப்புள்ளியில் போடுகிறார்கள். கல்லஸ் ஃபிராக்டாலர் போன்ற செயலிகள் இதைக்கொண்டே ஓடுகின்றன. பழைய ‘பார்’ பதிவில் உள்ள மையத்தின் இலக்கங்கள் அத்தனையையும் விடாமல் நகலெடுத்தால் போதும். கடைசி இலக்கங்கள் தேவையில்லை என்று வெட்டினால் வேறு இடத்துக்குப் போய்விடுவீர்கள். உருப்பெருக்கம் 10-இன் எத்தனையாவது அடுக்கோ, தசமத்துக்குப் பின் குறைந்தது அத்தனை இலக்கமும் மேலே மூன்று நான்கும் வேண்டும்.